வால்வு முனையில் விழும் தடம்: ராக்கர் ஆர்ம் ஜியோமெட்ரியைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

வால்வு ஸ்டெம்மின் முனையில் கறுப்பு மார்க்கரைத் தடவ வேண்டும். மை காய்ந்ததும் ராக்கர் ஆர்மைப் பூட்டி, ஆட்டம் இல்லாத அளவுக்கு நட்டை வைத்து, கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ராக்கரைக் கழற்றினால் மை தேய்ந்த இடத்தில் பளபளவென்று ஒரு பட்டை தெரியும். பட்டை நடுவில் இருந்தால் புஷ்ராட் (கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுவரும் கம்பி) நீளம் சரி, ஓரமாக இருந்தால் வேறு நீளம் தேட வேண்டும். இன்ஜின் கட்டுகிற பலருக்கும் ராக்கர் ஜியோமெட்ரி என்றால் இவ்வளவுதான். எனக்கும் முதலில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதில் பாதிதான் உண்மை. மை தடவிப் பார்ப்பது நல்ல முறை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டையின் அகலத்தை. அது எங்கே விழுந்திருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. இந்த வரிசை மாறிப்போவதால், நடுவில் அழகாகத் தடம் விழுந்த இன்ஜின்கூட சீக்கிரமே வால்வு கைடை, அதாவது ஸ்டெம் ஏறி இறங்கும் குழாயை, தின்றுவிடுகிறது. ஏன் என்று புரிய, ராக்கர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ராக்கர் ஒரு நெம்புகோல். நடுவே அது அசையும் தாங்குபுள்ளியான ஒரு பிவட். ஒரு பக்கம் புஷ்ராட் மேலே தள்ளுகிறது, மறுபக்கம் வால்வைக் கீழே அமுக்குகிறது. ஆனால் நெம்புகோலின் முனை நேராகப் போகாது. பிவட்டைச் சுற்றி வட்டத்தின் ஒரு துண்டைப் போல வளைந்துதான் போகும். வால்வோ கைடுக்குள் நேர்கோட்டில் மட்டுமே போகும். வளைந்து போகும் ஒன்று, நேராகப் போகும் ஒன்றைத் தள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் எங்காவது தீர்ந்தாக வேண்டும். அது வால்வு முனையின் மேல் உரசலாகத் தீர்கிறது.

இதே சிக்கல் நம் தெருமுனை அடிபம்பிலும் உண்டு. கைப்பிடி வளைந்து இறங்கும், உள்ளே இருக்கும் கம்பியோ நேராக ஏறி இறங்க வேண்டும். இந்தியா மார்க் 2 அடிபம்பின் தலையைத் திறந்து பார்த்திருந்தால் தெரியும்: கைப்பிடியின் உள்முனை கால்வட்ட வடிவில் இருக்கும், அதன் மேல் ஒரு சங்கிலி படிந்து கீழே கம்பியைப் பிடித்திருக்கும். கைப்பிடி எந்தக் கோணத்தில் இருந்தாலும் சங்கிலி ஒரே நேர்கோட்டில்தான் தொங்கும். கம்பி பக்கவாட்டில் இழுபடவே படாது. அருமையான தீர்வு. ஆனால் சங்கிலியால் இழுக்க முடியுமே தவிர தள்ள முடியாது. ராக்கரின் வேலையோ தள்ளுவது. அதனால் இன்ஜினில் உரசலை ஒழிக்க முடியாது, குறைக்க மட்டும்தான் முடியும். எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் ஜியோமெட்ரி.

கணக்கைக் கையில் எடுத்தால் விஷயம் தெளிவாகிவிடும். வால்வைத் தொடும் முனையில் சின்ன உருளை, அதாவது ரோலர், வைத்த ஒரு ராக்கரில், பிவட்டின் மையத்திலிருந்து ரோலரின் அச்சு வரை 38 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வால்வு லிஃப்ட், அதாவது வால்வு இறங்கும் முழுத் தூரம், 12 மி.மீ. வால்வு பாதி திறந்திருக்கும்போது, அதாவது 6 மி.மீ. இறங்கியிருக்கும்போது, பிவட்டையும் ரோலர் அச்சையும் இணைக்கும் கோடு வால்வு ஸ்டெம்முக்கு 90 டிகிரியில் இருக்கட்டும். அப்போது வால்வு மூடியிருக்கையில் அந்தக் கோடு 9 டிகிரி மேல்நோக்கி இருக்கும், முழுக்கத் திறந்திருக்கையில் 9 டிகிரி கீழ்நோக்கி இருக்கும். ரோலர் முதலில், ராக்கரைத் தாங்கி நிற்கும் ஸ்டட்டை விட்டு வெளிப்பக்கமாகக் கொஞ்சம் நகரும், பாதி லிஃப்டைத் தாண்டியதும் வந்த வழியே திரும்பும். நகரும் தூரம் சுமார் 0.5 மி.மீ.தான்.

இப்போது அதே ராக்கர், அதே லிஃப்ட். ஆனால் 90 டிகிரி நிலை, வால்வு மூடியிருக்கும்போதே வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ராக்கர் 18 டிகிரி கீழே போகிறது. ரோலர் திரும்பி வருவதற்கு இடமே இல்லை, உள்பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். தூரம் சுமார் 1.9 மி.மீ. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ராக்கரும் கேமும் ஸ்பிரிங்கும் எதுவும் மாறவில்லை. பிவட்டின் உயரம் 6 மி.மீ. மாறியது, அவ்வளவுதான். முழு 6 மி.மீ. தப்பு பட்டறையில் அபூர்வம். ஆனால் மூன்று நான்கு மி.மீ. தப்பு சாதாரணமாக நடக்கக்கூடியது.

ஆக, பாதி லிஃப்டில் 90 டிகிரி. ஜியோமெட்ரியின் விதி இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதை எப்படிக் கொண்டுவருவது, எது இதைக் கெடுக்கும் என்பது பற்றிய பேச்சு.

இந்த இடத்தில் பலர் கேட்பது: லிஃப்ட் குறையுமா? குறையும். மேலே சொன்ன கணக்கில் ராக்கர் அதே 18 டிகிரி சுழன்றால் 12 மி.மீ.க்குப் பதிலாக 11.85 கிடைக்கும். 90 டிகிரி நிலை இன்னும் முன்னாலேயே கடந்துபோய், மூடிய நிலையிலேயே கோடு 9 டிகிரி கீழ்நோக்கி இருந்தால் 11.4தான் கிடைக்கும். பந்தய இன்ஜின் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. சாலையில் ஓடும் வண்டிக்கு, உள்ளதைச் சொன்னால், இது பெரிதாகத் தெரியாது. அங்கே உண்மையான சேதம் உரசலில்தான் இருக்கிறது.

1955ல் வந்த ஒரு பழக்கம்

"புஷ்ராட் நீளம்தான் ஜியோமெட்ரி" என்ற பேச்சு எங்கிருந்து பரவியது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1955 மாடலுக்காக ஷெவர்லே ஒரு புதிய வி8 இன்ஜினைக் கொண்டுவந்தது. 265 கன அங்குலம், அதாவது சுமார் 4.3 லிட்டர். பின்னால் உலகம் முழுக்க ஸ்மால் பிளாக் என்று பெயர் வாங்கியது இதுதான். 2011ல் அந்தக் குடும்பத்தின் பத்துக் கோடியாவது இன்ஜின் தயாரானது. அதற்கு முந்தைய ஓஎச்வி இன்ஜின்கள் (வால்வுகள் ஹெட்டில் இருப்பவை) பெரும்பாலும் ஹெட்டின் நீளத்துக்கு ஒரு ஷாஃப்டைப் போட்டு, அதில் எல்லா ராக்கர்களையும் கோத்திருக்கும். ஸ்மால் பிளாக்கில் ஷாஃப்டே கிடையாது. ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டட், அதன் மேல் தகட்டை அழுத்திச் செய்த ஒரு ராக்கர், அது அசைவதற்கு அரைப்பந்து வடிவில் ஒரு பிவட், மேலே ஒரு நட். எண்ணெய் புஷ்ராட்டின் துளை வழியாகவே மேலே ஏறும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான பான்டியாக்கில் வேலை செய்த கிளேட்டன் லீச் என்ற பொறியாளர். எடை குறைவு, செலவு குறைவு, கடைசல் வேலையும் கம்மி.

இந்த அமைப்பில் பிவட் எந்த உயரத்தில் உட்காரும் என்பதை யாரும் தனியாகத் தீர்மானிப்பதில்லை. வால்வு முனை ஒரு இடத்தில் நிற்கிறது, புஷ்ராட்டின் தலை இன்னொரு இடத்தில் நிற்கிறது. இரண்டிலும் ராக்கர் ஆட்டமில்லாமல் உட்காரும் வரை நட்டை இறக்குகிறோம். நட் எங்கே நின்றதோ அதுதான் பிவட்டின் உயரம். நீளமான புஷ்ராட் போட்டால் பிவட் மேலே போகும், குட்டையானது போட்டால் கீழே வரும். ஸ்மால் பிளாக்கில் புஷ்ராட்டை மாற்றினால் ஜியோமெட்ரி மாறும் என்பது இதனால்தான் உண்மை.

ஷாஃப்டில் கோத்த ராக்கருக்கு இது பொருந்தாது. அம்பாசிடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கர் ஷாஃப்ட் அதன் ஸ்டாண்டுகளில் உட்கார்ந்திருக்கும், ஸ்டாண்டுகள் ஹெட்டில் போல்ட் செய்யப்பட்டிருக்கும். எந்த நீளத்தில் புஷ்ராட் போட்டாலும் ஷாஃப்ட் இம்மியும் நகராது. ஆட்டத்தைச் சரிசெய்யும் டேப்பட் ஸ்குரூ மட்டும் கூடவோ குறையவோ வெளியே நிற்கும். அங்கே ஜியோமெட்ரியைத் திருத்த வேண்டுமானால் ஸ்டாண்டுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து உயர்த்த வேண்டும், அல்லது அடிப்பக்கத்தைக் கடைந்து தாழ்த்த வேண்டும். அதற்கப்புறம்தான், ஸ்குரூ சரியான இடத்தில் நிற்கும்படி புஷ்ராட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுப்பது. இந்த இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வீணாகும் பணமும் நேரமும் ரொம்பவே அதிகம்.

பட்டை நடுவில் விழுந்தும் ஏமாற்றுவது

மறுபடி அந்த 38 மி.மீ. ராக்கருக்கு வருவோம். புஷ்ராட் மிக நீளம்: மூடியிருக்கும்போதே 90 டிகிரி. ரோலர் பிவட்டிலிருந்து 38 மி.மீ. தள்ளி ஆரம்பித்து, 36 மி.மீ. தூரம் வரை உள்ளே வருகிறது. அடுத்து, புஷ்ராட் மிகக் குட்டை: முழுக்கத் திறந்திருக்கும்போதுதான் 90 டிகிரி வருகிறது. இப்போது ரோலர் 36ல் ஆரம்பித்து 38 வரை வெளியே போகிறது. இரண்டு தப்பும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால் வால்வு முனையில் விழும் பட்டை? இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே அகலத்தில்.

அதனால் பட்டை இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து "புஷ்ராட் நீளமா குட்டையா" என்று சொல்லவே முடியாது. சொல்ல வேண்டுமானால் கிராங்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ரோலர் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். வால்வு திறக்கத் தொடங்கியதிலிருந்து முழுக்கத் திறக்கும் வரை ரோலர் ஸ்டட்டை நோக்கியே வந்துகொண்டிருந்தால் பிவட் உயரம் கூடுதல். ஸ்டட்டை விட்டு விலகிக்கொண்டே போனால் பிவட் தாழ்வு. முதல் பாதியில் விலகி, பாதி லிஃப்டில் நின்று, மறுபாதியில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் உயரம் சரி. பட்டையும் அப்போதுதான் மிகக் குறுகலாக இருக்கும்.

குறுகலான பட்டை கிடைத்தபின் அது நடுவில் இல்லையென்றால் என்ன செய்வது? அதற்காகப் புஷ்ராட்டைத் தொடக் கூடாது. பட்டையை நடுவுக்குக் கொண்டுவர புஷ்ராட் நீளத்தை மாற்றினால் பட்டை அகலமாகித்தான் நடுவைத் தொடும். நடுவுக்கும் பட்டைக்கும் உள்ள தூரம் ராக்கரின் நீளத்தையும் ஸ்டட் துளைத்திருக்கும் இடத்தையும் பொறுத்தது. ஸ்மால் பிளாக்கில் வழக்கமான வால்வு ஸ்டெம் 11/32 அங்குலம், கிட்டத்தட்ட 8.7 மி.மீ. அதில் அரை மி.மீ. பட்டை ஒன்று நடுவை விட்டு முக்கால் மி.மீ. தள்ளி இருந்தால் நான் விட்டுவிடுவேன். நடுவில் 2 மி.மீ. பட்டை விழுந்த இன்ஜினைவிட அது நீண்ட நாள் ஓடும். ஓரத்துக்கே போய்விட்டது என்றால் ராக்கரோ ஹெட்டோ அந்த இன்ஜினுக்குப் பொருந்தாதது என்று அர்த்தம், அதைத்தான் மாற்ற வேண்டும்.

எது கெடுக்கிறது

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் இன்ஜினில் இதையெல்லாம் யாரும் அளப்பதில்லை, அளக்கத் தேவையும் இல்லை. ஒரு முறை திறந்து வேலை பார்த்த பிறகுதான் கவலை.

வால்வு சீட்டைக் கடைந்தால் வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் ஏறி உட்காரும். ஸ்டெம்மின் முனை அதே அளவுக்கு மேலே நீட்டும். முனை 1 மி.மீ. உயர்ந்தால் பிவட்டும் 1 மி.மீ. உயர வேண்டும், ஸ்மால் பிளாக்கில் அதற்குப் புஷ்ராட் 1 மி.மீ. நீளம் கூட வேண்டும். ஹெட்டை ஃபேஸ் செய்தாலோ மெல்லிய கேஸ்கெட் போட்டாலோ இதற்கு எதிர்: ஹெட் கேமுக்கு அருகே வருகிறது, அதே புஷ்ராட் இப்போது நீளம் அதிகமாகிவிடுகிறது. லிஃப்ட் கூடிய கேம் போட்டால் இரண்டு காரியம் நடக்கும். பெரும்பாலும் அந்தக் கேமின் அடிவட்டம் சிறியதாக இருக்கும், கேமுக்கும் புஷ்ராட்டுக்கும் நடுவே இருக்கும் லிஃப்டர் கீழே உட்காரும், அதற்குப் புஷ்ராட் நீள வேண்டும். அப்புறம், லிஃப்ட் 2 மி.மீ. கூடினால் பாதி லிஃப்ட் 1 மி.மீ. கீழே போகும், பிவட்டும் 1 மி.மீ. தாழ வேண்டும். ஒன்று மேலே இழுக்கிறது, ஒன்று கீழே இழுக்கிறது. மனக்கணக்காகப் போட்டால் தப்பும். அளந்துதான் ஆக வேண்டும்.

ரோலர் ராக்கர் வாங்கி மாட்டுகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. தகட்டு ராக்கரின் மூக்கு வளைந்த பரப்பு. அந்த வளைவின் மையம் எங்கே இருக்கிறதோ, அதுதான் ரோலரின் அச்சுக்குச் சமமான புள்ளி. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மூக்குக்கு மேலே இருக்கும். ரோலர் ராக்கரில் அச்சு வேறு உயரத்தில் இருக்கும். எனவே பழைய புஷ்ராட்டோடு ரோலர் ராக்கரைப் போட்டால் ஜியோமெட்ரி மாறிவிட வாய்ப்பு அதிகம். "ரோலர் உருளும், அதனால் உரசல் பற்றிக் கவலையில்லை" என்பதும் சரியில்லை. 10 மி.மீ. விட்டமுள்ள ரோலர் அரை மி.மீ. நகர வெறும் 6 டிகிரி திரும்பினால் போதும். அந்தச் சின்ன அசைவுக்குள் முன்னும் பின்னும், அதுவும் முழு ஸ்பிரிங் சுமையோடு. ரோலர் நன்றாகவே உருண்டாலும், சுமை ஸ்டெம்மின் நடுவை விட்டு விலகி இறங்கினால் வால்வைச் சாய்க்கத்தான் செய்யும்.

அந்தச் சுமை எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். பழைய ஸ்மால் பிளாக்கின் சாதாரண ஸ்பிரிங்கே வால்வு மூடியிருக்கும்போது சுமார் 36 கிலோவும் திறந்திருக்கும்போது சுமார் 90 கிலோவும் தள்ளும். 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் 2 மி.மீ. உரசி, வால்வை ஸ்டட் பக்கமும் எதிர்ப்பக்கமுமாகச் சாய்த்தால் கைடு என்ன ஆகும்? ராக்கர் போகும் திசையில் மட்டும் நீள்வட்டமாகத் தேயும், இரண்டு முனையிலும் புனல்போல அகன்றுபோகும். எக்ஸாஸ்ட் கைடில்தான் முதலில் தெரியும், அங்கே சூடு அதிகம். கைடு ஆட்டம் கண்டால் வால்வு ஒவ்வொரு முறையும் சீட்டில் வேறு வேறு மாதிரி உட்காரும். எண்ணெய் கைடு வழியே இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை ஒரு கொத்தாக வரும். கைடை மாற்றுவார்கள், சீல் மாற்றுவார்கள், ராக்கரைப் பார்க்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் மறுபடி புகை.

தேய்ந்த மூக்கு

ராக்கர் மூக்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். நிறைய ஓடிய ஒரு டீசல் இன்ஜினின் ராக்கரைக் கையில் எடுத்து, மூக்கை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். வால்வு முனை உட்கார்ந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். விரல் நகத்தை அதன் குறுக்கே இழுத்தால் இரண்டு விளிம்பிலும் தட்டும். இப்போது ஃபீலர் கேஜ் தகட்டை உள்ளே விட்டு டேப்பட் இடைவெளி வைத்தால், தகடு பள்ளத்துக்குள் இறங்காது. இரண்டு கரைகளின் மேல் பாலம்போல உட்காரும். பள்ளம் 0.10 மி.மீ. ஆழம் என்றால், 0.30 வைத்ததாக நினைத்த இடத்தில் உண்மையில் 0.40 இருக்கிறது. "டேப்பட் சரியாத்தான் வெச்சேன், சத்தம் மட்டும் போகலை" என்று மெக்கானிக் சொல்வது பொய்யல்ல. அவர் சரியாகத்தான் வைத்தார்.

இதற்குப் பட்டறை வழக்கம், ராக்கரைக் கிரைண்டரில் பிடித்துப் பள்ளம் போகும் வரை தேய்ப்பது. பளபளவென்று வரும், தட்டையாகவும் வரும். தட்டையான மூக்கும் தட்டையான வால்வு முனையும் சேர்ந்தால் ராக்கர் சாயும்போதெல்லாம் தொடும் இடம் முனையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குத் தாவும். முழுச் சுமையும் விளிம்பில் இறங்கும். மூக்கு வளைவாக இருப்பதற்குக் காரணமே இதுதான். வளைவின் ஆரத்தைக் காப்பாற்றித் தேய்க்கும் ஜிக் இருந்தால் ராக்கர் பிழைக்கும். அது இல்லாத பட்டறையில் தேய்க்கக் கொடுப்பதைவிடப் புது ராக்கர் வாங்குவது மலிவு, கைடையும் வால்வையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்.

அளக்கும் விதம்

ரோலர் ராக்கரில் மை தடவாமலே பிவட் உயரத்தைக் கணக்கிட முடியும். மையைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். வால்வு பாதி திறந்திருக்கும்போது ரோலர் அச்சும் பிவட் மையமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மட்டம் என்றால் தரைக்கு இணையான மட்டம் அல்ல, ஸ்டெம்முக்கு 90 டிகிரியில் இருக்கும் மட்டம். ரோலர் அச்சு எப்போதும் வால்வு முனைக்கு மேலே ரோலரின் ஆரம் அளவு உயரத்தில் இருக்கும். ரோலர் விட்டம் 10 என்றால் ஆரம் 5. லிஃப்ட் 12 என்றால் பாதி 6. அப்படியானால், மூடிய வால்வின் முனை மட்டத்திலிருந்து 5 கூட்டி 6 கழிக்க, பிவட் மையம் 1 மி.மீ. கீழே இருக்க வேண்டும். கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். முனையின் மேல் ஒரு நேர்பட்டையை வைத்து, அதிலிருந்து பிவட் மையத்தை 1 மி.மீ. கீழே நிறுத்தி நட்டைப் பிடித்துவிட்டால் ஜியோமெட்ரி முடிந்தது. இனி நீளம் மாற்றக்கூடிய சோதனைப் புஷ்ராட்டை அடியில் வைத்து, ஆட்டம் போகும் வரை திருகி நீட்டி, வெளியே எடுத்து அளந்தால் தேவையான நீளம் கையில்.

லிஃப்ட் என்பதை கேம் அட்டையில் அச்சடித்த எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டயல் கேஜை ரிட்டெய்னரில் (ஸ்பிரிங்கின் மேல் உள்ள தட்டு) வைத்து அளந்ததைத்தான் எடுக்க வேண்டும். அளக்கும்போது கனமான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு மெல்லிய சோதனை ஸ்பிரிங் போட வேண்டும். ஹைட்ராலிக் லிஃப்டரையும் எடுத்துவிட்டு, அழுங்காத திட லிஃப்டர் வைக்க வேண்டும். ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் சுமை பட்டால் இறங்கும், அளவு பொய்யாகும்.

புஷ்ராட்டுகள் 0.050 அங்குல இடைவெளியில், அதாவது 1.27 மி.மீ.க்கு ஒன்றாகத்தான் பொதுவாகக் கிடைக்கும். அளந்த நீளத்துக்குச் சரியாக வராதே என்று பயப்பட வேண்டாம். 1.5 விகித ராக்கரில் புஷ்ராட் 1.27 மி.மீ. கூடினால் பிவட் 0.76 மி.மீ.தான் உயரும். நம் உதாரணத்தில் ஒரு முழுப் படி தப்பினாலும் பட்டை 0.5லிருந்து 0.6 ஆகும், அவ்வளவுதான். பக்கத்து அளவை எடுத்தாலே போதும். ஆனால் விற்பவர் நீளத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முனையில் எண்ணெய்த் துளை இருப்பதால் பந்தின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். சிலர் வெட்டுப்பட்ட நீளத்தைச் சொல்வார்கள், சிலர் முழுப் பந்தாக எண்ணிச் சொல்வார்கள்.

ஹைட்ராலிக் லிஃப்டர் என்றால் ப்ரீலோடுக்காக, அதாவது பிளஞ்சரை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பதற்காக, வழக்கமாக அரை முதல் 1 மி.மீ. வரை நீளத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நட்டை ஆட்டமில்லாத நிலைக்கு அப்பால் ஒரு சுற்று இறுக்குவது பழைய வழக்கம். ஸ்மால் பிளாக்கின் 3/8 அங்குல ஸ்டட்டில் அங்குலத்துக்கு 24 மரை. ஒரு சுற்றுக்கு நட் 1.06 மி.மீ. இறங்கும். ஆனால் நெம்புகோல் கணக்கால் பிளஞ்சர் சுமார் 1.75 மி.மீ. அமுங்கும். அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று பேசும்போது இதை மனதில் வைக்க வேண்டும்.

கூடவே, ராக்கரின் நீள்துளை ஸ்டட்டில் முட்டுகிறதா, புஷ்ராட் ஹெட்டின் துளையில் உரசுகிறதா, ரிட்டெய்னருக்கும் கைடு சீலுக்கும் நடுவே முழு லிஃப்டில் 1.5 மி.மீ.யாவது இருக்கிறதா என்று எல்லா வால்விலும் பார்த்துவிட வேண்டும். மூக்கின் இரு பக்கமும் விளிம்பு வைத்து வால்வு முனையில் தானாக நேராகும் ரெயில் வகை ராக்கரையும், புஷ்ராட்டை நேராகப் பிடிக்கும் கைடு பிளேட்டையும் ஒரே இன்ஜினில் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டும் ராக்கரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடிக்கும், நடுவில் தேய்வது வால்வு முனை.

சென்னையில் வந்த இன்னொரு 1955

ஷெவர்லே ஸ்டட் ராக்கரோடு வந்த அதே 1955ல்தான் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. பழைய இரும்பு இன்ஜின், 346 சிசி, புஷ்ராட் வகை. அதன் ராக்கர்கள் ஹெட்டில் போல்ட் செய்த கட்டைகளுக்குள் அசைகின்றன. டேப்பட் சரிசெய்யும் ஸ்குரூ மேலே இல்லை, புஷ்ராட்டின் அடிமுனையில், பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் இருக்கிறது. மேலே திறக்கவே வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் ராக்கர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

பல முறை சீட் கடைந்த புல்லட் ஹெட்டில் நடப்பது இது. வால்வு உள்ளே ஏறி, முனை மேலே வந்திருக்கும். பிவட் கட்டையோ அங்கேயே இருக்கிறது. டேப்பட் வைக்கப் புஷ்ராட்டைத் திருகிக் குறைப்போம். ஆட்டம் சரியாகிவிடும், மூடியைப் போட்டுவிடுவோம். ஆனால் ராக்கரின் வால்வு பக்கம் தூக்கிக்கொண்டே நிற்கிறது, 90 டிகிரி நிலை பாதி லிஃப்டைத் தாண்டிப் போய்விட்டது. கைடு தேய்வது அங்கிருந்து ஆரம்பம். டேப்பட் ஸ்குரூ எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதே நல்ல அறிகுறி. ஒரே இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் முன்பிருந்ததைவிட வெகுவாக மாறிய இடத்தில் செட் ஆனால், ஹெட்டைக் கழற்றி ஸ்டெம் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று புது வால்வும் சீட்டும் உள்ள ஹெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் கொஞ்சம் என்றால் வால்வு முனையைச் சீராகத் தேய்த்துக் குறைக்கலாம், கடினப்படுத்திய படலம் போகாத அளவுக்கு மட்டும். அதிகம் என்றால் புது சீட் ரிங் அடித்து வால்வைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி.

அதற்கப்புறம் வழக்கமான வேலை. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்க, ஸ்குரூவை மெல்லத் திருகிக்கொண்டே புஷ்ராட்டை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் கொஞ்சம்கூட இல்லாமல், ஆனால் விரலுக்குத் தடையில்லாமல் சுழலும் இடத்தில் லாக் நட்டை இறுக்கி, இறுக்கிய பின்னும் ஒரு முறை சுழற்றிப் பார்த்துவிட்டு மூடியைப் போட வேண்டும்.